வெளியூரில் முறிந்த எலும்பு

அயல்நாட்டுப் பயணம் குறித்துத் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளில் ஆறுகளும் அருங்காட்சியகங்களும் நிறைய வருகின்றன. மருத்துவமனைகள் அரிதாகவே வருகின்றன. பயணத்தில் நோய்வாய்ப்பட்டோர் இல்லாமலில்லை. ஊர் திரும்பியபின் அதைச் சொல்ல ஒரு கூச்சம். செலவான பணத்தைச் சொல்ல அதைவிடப் பெரிய கூச்சம். அந்தக் கூச்சத்தைச் சற்றே விலக்கிவைத்து, சென்ற கோடை விடுமுறையில் லிவர்ப்பூல் நகரில் எங்களுக்கு நேர்ந்ததை முன்னிட்டுச் சில கருத்துகளைச் சொல்ல விரும்புகிறோம்.

நாங்கள் இருவர், ஒரே கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர்கள். பிரான்சுக்கும் பிரிட்டனுக்குமாகப் பதினெட்டு நாள் பயணம். லிவர்ப்பூலில் எங்களுடைய பழைய மாணவர் ஒருவர் வேலை பார்க்கிறார். அவர் வீட்டில்தான் தங்கியிருந்தோம். மெர்சி ஆற்றங்கரையில் 1846இல் திறக்கப்பட்ட ஆல்பர்ட் கப்பல்துறையைப் பார்க்கப் போன அன்று, உருளைக்கல் பாவிய தரையில் எங்களுள் மூத்தவருக்கு இடது கால் உட்புறமாகப் பிசகியது. விழவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஒன்றுமில்லை, சுளுக்குத்தான். பையில் தைலம் இருக்கிறதல்லவா?" என்றார். அன்று மாலை முழுதும் நடந்தார். மறுநாளும் நடந்தார். இரவு செருப்பைக் கழற்றியபோது பாதத்தின் வெளிப்புறம் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது.

அப்போதும் மருத்துவமனை வேண்டாம் என்றே சொன்னார். காரணம் எங்கள் இருவருக்கும் தெரியும். பிரான்சு செல்வதற்கான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பதால் பயணக் காப்பீடு எடுத்திருந்தோம். விண்ணப்பத்தில் "நீரிழிவு உண்டா?" என்றொரு வினா. "இல்லை என்றே போடுங்கள் சார், பிரீமியம் குறையும், யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றார் முகவர். மூத்தவருக்குப் பத்தாண்டுகளாகச் சர்க்கரை. இல்லை என்றே போட்டோம். சில நூறு ரூபாய் மிச்சமாயிற்று. அந்தச் சில நூறு ரூபாய்தான் இப்போது அவரை ஒன்றரை நாள் முறிந்த காலோடு நடக்க வைத்திருந்தது.

"ஐயா, இங்கே அவசரப் பிரிவில் யாரிடமும் காசு கேட்கமாட்டார்கள். கிளம்புங்கள்," என்று மாணவர்தான் பிடிவாதமாக அழைத்துப் போனார்.

*

அவர் சொன்னது உண்மை. அரசு மருத்துவமனையின் முன்மேசையில் பெயர், பிறந்த தேதி, தங்கியிருக்கும் முகவரி, என்ன நடந்தது என்று கேட்டார்கள். பிறகு காத்திருக்கச் சொன்னார்கள். இந்தக் காத்திருப்பைப் பற்றி மிகையாகப் புகழ ஒன்றுமில்லை. அவசரப் பிரிவுக்கு வருவோரில் 100க்கு 95 பேரை நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்கவேண்டும் என்பது இங்கிலாந்தின் இலக்கு. நாடளவில் அது கடைசியாக எட்டப்பட்டது 2015இல். நாங்கள் ஐந்து மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். எதிரே தலையில் துணி சுற்றிய ஒரு கிழவர், காலில் கண்ணாடி குத்திய ஓர் இளம்பெண், அழுது ஓய்ந்து உறங்கிவிட்ட ஒரு குழந்தை. எல்லோருக்கும் அதே பிளாஸ்டிக் நாற்காலி.

பார்க்க வந்த செவிலியர் முதலில் கணுக்காலின் இருபக்கத்து எலும்புகளை அழுத்தினார். பிறகு பாதத்தின் நடுப்பகுதியை. பிறகு சுண்டுவிரலுக்குப் பின்னால் ஓடும் நீண்ட எலும்பின் அடிப்பகுதியை. கடைசி இடத்தில் மூத்தவர் முகம் சுளித்தார். நான்கு அடி எடுத்துவைக்கச் சொன்னார். பார்ப்பதற்கு ஏதோ சடங்கு போலிருந்த இது, 1992இல் கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் வகுத்த விதி: குறிப்பிட்ட இடங்களில் அழுத்தினால் வலியோ, நான்கடி நடக்க இயலாமையோ இருந்தால் மட்டுமே எக்ஸ்ரே, இல்லையேல் தேவையில்லை. நம் ஊரில் கால் பிசகி உள்ளே போனால் படம் எடுக்காமல் வெளியே வர முடிவதில்லை என்பது நினைவுக்கு வந்தது.

அடுத்து அந்தக் கேள்வி வந்தது. வேறு நோய் ஏதும் உண்டா? நீரிழிவு?

மூத்தவர் எங்கள் பக்கம் திரும்பினார். "சொல்லலாமா?" என்று தமிழில் கேட்டார். வகுப்பில் சங்கப் பாடலுக்கு மணிக்கணக்கில் உரை சொல்பவர், தம் உடம்பைப் பற்றிய ஓர் எளிய உண்மையைச் சொல்ல அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார். "சொல்லிவிடுங்கள், ஐயா," என்றோம்.

சொன்னார். செவிலியர் எழுந்துபோய் ஒரு மெல்லிய நைலான் இழையைக் கொண்டுவந்தார். கண்ணை மூடச் சொல்லி, பாதத்தின் பல இடங்களில் அதைத் தொட்டுத் தொட்டு, "உணர்கிறீர்களா?" என்று கேட்டார். மூன்று இடங்களில் மூத்தவர் ஒன்றுமே சொல்லவில்லை. அவருக்குத் தெரியவில்லை. முறிந்த காலோடு ஒன்றரை நாள் நடக்க முடிந்ததற்குக் காரணம் தைலமும் அன்று, மனத்திடமும் அன்று. பாதத்தில் உணர்வு மங்கத் தொடங்கியிருக்கிறது என்பதே. ஊரில் ஒருவரும் சோதிக்காத அந்தச் செய்தியை, அயலூரில் ஓர் இழை சொல்லிற்று. பொய் சொல்லியிருந்தால் அதுவும் தெரியாமலே போயிருக்கும்.

*

மனிதப் பாதமொன்றில் 26 எலும்புகள். அவற்றுள் ஐந்து, நடுப்பாதத்திலிருந்து விரல்களை நோக்கி நீள்பவை, மெட்டாடார்சல் என்பர். முறிந்திருந்தது ஐந்தாவதன் அடிப்பகுதி. கால் உட்புறம் பிசகும்போது அங்கே பற்றியிருக்கும் தசைநார் எலும்பின் ஒரு துணுக்கைப் பிய்த்துக்கொண்டு போகும். பெரும்பாலும் மாவுக்கட்டு வேண்டியதில்லை; கெட்டியான ஒரு பூட்ஸ், ஊன்றுகோல், ஆறு வாரப் பொறுமை. அதே எலும்பில் சற்று முன்தள்ளி முறிந்தால் கதை வேறு. அங்கே இரத்த ஓட்டம் குறைவு, எளிதில் கூடாது. அந்த முறிவுக்கு ஜோன்ஸ் முறிவு என்று பெயர்.

அந்த ஜோன்ஸ் இதே லிவர்ப்பூல்காரர் என்பதை அறிந்தபோது வியப்பாயிருந்தது. ராபர்ட் ஜோன்ஸ் (1857–1933), நடனமாடும்போது தம் காலிலேயே ஏற்பட்ட முறிவை ஆராய்ந்து 1902இல் கட்டுரை எழுதியவர். ரான்ட்கன் தம் கதிரை 1895 இறுதியில் கண்டறிந்த சில வாரங்களுக்குள், 1896 தொடக்கத்தில், இயற்பியலாளர் ஆலிவர் லாட்ஜுடன் சேர்ந்து ஒரு சிறுவனின் மணிக்கட்டில் புதைந்த குண்டை எக்ஸ்ரேயில் பார்த்தவரும் அவரே. ஆனால் எங்களை நிறுத்தியது வேறொன்று. மான்செஸ்டர் கப்பல் கால்வாய் வெட்டப்பட்டபோது 1888இல் அதன் தலைமை அறுவை மருத்துவராக அவர் அமர்த்தப்பட்டார். ஊர் ஊராகப் பிழைப்புத் தேடி வந்த ஆயிரக்கணக்கான மண்வெட்டிக் கூலிகள். நாள்தோறும் நசுங்கும் கையும் கால்களும். கால்வாயின் நெடுகிலும் முதலுதவி நிலையங்களும் இடையிடையே மருத்துவமனைகளும் அமைத்தார். விபத்துச் சிகிச்சை என்பதை ஓர் ஒழுங்கான அமைப்பாக்கிய முன்னோடி முயற்சிகளில் ஒன்று, இப்படி வீட்டைவிட்டு வந்தவர்களுக்காக எழுந்தது.

அவருக்குத் தொழில் கற்பித்தவர் மாமா முறையான ஹியூ ஓவன் தாமஸ். துறைமுகப் பகுதியின் நெல்சன் தெருவில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தவர். தாமஸ் குடும்பம் நம் புத்தூர் கட்டுக்காரர்களைப்போல வழிவழியாக எலும்பு கட்டிய குடும்பம். பூர்விகம் வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவு. அந்தக் குடும்பத்தின் தோற்றம் பற்றி ஒரு மரபுக்கதை வழங்குகிறது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு புயலிரவில் அத்தீவின் கரையில் ஒரு சிறுவன் ஒதுங்கினான். அவன் பேசிய மொழி அங்கே ஒருவருக்கும் புரியவில்லை. எந்த நாட்டான் என்று தெரியவில்லை. ஓர் உழவர் வீட்டில் வளர்த்தார்கள். ஈவன் தாமஸ் என்று பெயரிட்டார்கள். ஆட்டுக்குட்டிகளின் முறிந்த கால்களைக் கட்டத் தொடங்கிய அவன் கை, பிறகு மனிதர் எலும்புகளையும் கட்டிற்று. ஹியூ ஓவன் தாமஸ் அவனுடைய கொள்ளுப்பேரன்.

கதையில் எவ்வளவு வரலாறு என்பதை ஆராய்ச்சியாளர்களுக்கு விடுவோம். ஆனால் அந்தக் கரையில் சிறுவனைக் கண்டவர்கள் "நீ யார்? உனக்கு யார் பணம் தருவார்?" என்று முதலில் கேட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற எண்ணத்தைத் தவிர்க்க முடியவில்லை.

*

கட்டுரையின் மையம் இதுதான். நோயாளியிடம் முதலில் கேட்கப்படவேண்டியது "எங்கே வலிக்கிறது?" என்பதே. "நீ யார்?" என்பது இரண்டாம் கேள்வி. வரிசை மாறினால், நோயாளி பொய் சொல்லத் தொடங்குகிறான். மருத்துவம் அந்தப் பொய்யின் மேல் நடக்கிறது.

பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை 1948 ஜூலை 5இல் தொடங்கியது. அதை உருவாக்கிய அமைச்சர் அன்யூரின் பெவன், வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளி. வெளிநாட்டார் வந்து இலவசமாக வைத்தியம் செய்துகொண்டு போகிறார்களே என்ற முறையீடு அன்றே எழுந்தது. 1952இல் வெளியான தம் நூலில் அதற்கு அவர் சொன்ன விடை சுவையானது: அயலானைப் பிரித்தறிய வேண்டுமென்றால் உள்ளூரானும் தான் அயலான் அல்லன் என்று நிரூபித்தாக வேண்டும்; ஒருவனைத் தடுக்கப்போய் எல்லோருக்கும் தொல்லை. அந்நூலின் தலைப்பு, 'அச்சத்துக்குப் பதிலாக' என்று பொருள்படும்.

அவர் விடை முழுமையாக நிலைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். வெளிநாட்டு வருகையாளரிடம் கட்டணம் வாங்கும் விதிகள் 1982இல் வந்தன. 2015 முதல் எங்களைப் போன்றோருக்கு வழக்கமான விலையின் ஒன்றரை மடங்கு. கட்டாமல் விட்ட கடன் அடுத்த விசாவைப் பாதிக்கக்கூடும். அவசரப் பிரிவு மட்டும் இன்றும் எல்லோருக்கும் இலவசம். சர்க்கரை இருப்பதால் மறுவாரம் எலும்புமுறிவுப் பிரிவுக்கு மறுபடி வரச் சொன்னார்கள். அதற்குக் கட்டணம் உண்டு என்பதையும் முன்கூட்டியே சொன்னார்கள். கட்டினோம். காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்கவில்லை. மறைத்ததைக் கையில் வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு கேட்பது? இருவரும் செலவைப் பகிர்ந்துகொண்டோம்.

இந்தக் கட்டணத்தை அநியாயம் என்று நாம் கருதவில்லை. அந்நாட்டு மக்களின் வரியில் நடக்கும் மருத்துவமனை அது. விருந்தாளி தன் பங்கைக் கொண்டுபோவதே முறை. ஆகவே பயணம் போகும் நண்பர்களுக்கு நாம் சொல்வது: காப்பீடு எடுங்கள், விசாவுக்காக அன்று, உங்களுக்காக. உள்ள நோயை உள்ளபடி எழுதுங்கள். கால் வீங்கினால் அன்றே காட்டுங்கள். ஆனால் வாசலில் நிற்பவனிடம் விலைப்பட்டியலை நீட்டாமல் நாற்காலியை நீட்டும் அந்த முதல் ஐந்து மணி நேரம், ஒரு நாட்டின் நாகரிகத்தை அளக்கப் போதுமானது.

*

நமக்கும் இப்படியொரு மரபு உண்டென்று உடனே திருமுக்கூடல் கல்வெட்டை எடுத்துக்காட்டத் தமிழாசிரியர் கை துடிக்கும். 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில், அங்கே பதினைந்து படுக்கைகளோடு ஓர் ஆதுலர் சாலை இருந்தது; மருத்துவர், சல்லியக்கிரியை செய்பவர், பணிப்பெண்கள், மருந்துப் பட்டியல் எல்லாம் கல்லில் உண்டு. பெருமைதான். ஆனால் அந்தப் படுக்கைகள் அக்கோயிற் கல்விச்சாலையின் மாணவர்க்கும் கோயிற் பணியாளர்க்கும் உரியவை. வழிப்போக்கனுக்கு என்று கல்வெட்டு சொல்லவில்லை. பழம்பெருமை நம் கணக்கைத் தீர்த்துவிடாது.

தீர்க்க முயலும் புதிய முயற்சி ஒன்று உண்டு. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்குவோர் எந்த மாநிலத்தவராயினும், எந்த நாட்டவராயினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. பெவன் உயிரோடிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

ஆயினும் சட்டம் திறந்த கதவை அச்சம் மூடிவிடும். ஊர் திரும்பி, மூத்தவரின் காலைக் காட்ட எங்களூர் அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தோம். பக்கத்து விசுப்பலகையில் கட்டட வேலை செய்யும் ஓர் ஒடிசா இளைஞன். சாரத்திலிருந்து விழுந்து நான்கு நாளாயிற்று. பாதம் அதே கத்தரிக்காய் நிறம். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று செவிலியர் தமிழில் அதட்டினார். அவனுக்குப் புரியவில்லை, கையெடுத்துக் கும்பிட்டான். மேஸ்திரி கூலியைப் பிடித்துக்கொள்வான் என்ற பயம் என்று, அரைகுறை இந்தியில் நாங்கள் கேட்டதற்குச் சொன்னான்.

மூத்தவர் சற்று நகர்ந்து உட்கார்ந்து, தம் பூட்ஸ் காலை அவனுக்குக் காட்டினார். பிறகு அவன் காலைச் சுட்டி, தமிழில்தான் கேட்டார்: "எங்கேப்பா வலிக்குது?" அவன் குனிந்து, சுண்டுவிரலுக்குப் பின்னால் சரியாக அதே இடத்தைத் தொட்டுக் காட்டினான்.