முதலில் தோற்றது யார்?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கோடை வந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் களைகட்டும். பகலில் சொற்பொழிவு, இரவில் கூத்து. சிப்காட்டில் இரண்டாவது ஷிப்ட் முடித்து வருகிறவர்கூட உட்கார்ந்து பார்க்கலாம், விடியும்வரை நடக்கும். ஓசூர் எல்லையைத் தாண்டினால், பெங்களூரின் கரகத் திருவிழாவும் அதே திரௌபதிக்குத்தான்.

கூத்தில் துகிலுரியும் காட்சி சாதாரணமானதல்ல. துச்சாதனன் வேடம் கட்டியவர் கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்ட பிறகே சேலையில் கை வைப்பது வழக்கம்.

சேலை வளர்ந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்கு முன் திரௌபதி கேட்ட கேள்விதான் பலருக்கு மறந்துபோகிறது.

சபைக்கு அழைத்துப்போக வந்த தேர்ப்பாகனை அவள் திருப்பி அனுப்புகிறாள். தருமர் முதலில் தோற்றது தன்னையா, என்னையா என்று கேட்டு வரச் சொல்கிறாள்.

தருமர் தம்பிகளை வைத்துத் தோற்றார், பிறகு தன்னையே தோற்றார், கடைசியில்தான் மனைவியை வைத்தார். தன்னைத் தோற்றவன் அடிமை. அடிமைக்கு ஏது உடைமை? அவன் இன்னொருவரை எப்படிப் பணயம் வைக்க முடியும்?

பீஷ்மரே திணறுகிறார். அடிமைக்குப் பணயம் வைக்க உரிமையில்லை; ஆனால் மனைவி கணவனுக்கு உட்பட்டவள் ஆயிற்றே என்று இழுத்து, தர்மம் நுட்பமானது என்று முடித்துக்கொள்கிறார். (பெரியவர்கள் நழுவும் விதம் அன்றும் இப்படித்தான்.) கௌரவர்களில் விகர்ணன் மட்டும், அவளை வென்றது செல்லாது என்கிறான்.

எல்லாம் விதி என்று தலைகுனிந்து நின்ற சபை அது. அங்கே அவள் விதியைப் பற்றிப் பேசவில்லை, என்னை இழக்க இவருக்கு என்ன உரிமை என்று கேட்கிறாள். மனித சுதந்திரம் பற்றிய தத்துவங்கள் சுற்றிச் சுற்றி வருவதும் இந்த இடத்துக்கே.

புராணம் மனிதனை விதியில் கட்டிப்போடுகிறது என்ற குற்றச்சாட்டு பழையது. ஆனால் பிரிட்டிஷ் ஆட்சிக்குத் தப்பிப் புதுச்சேரியில் இருந்த பாரதி, 1912-ல் 'பாஞ்சாலி சபத'த்தின் முதல் பாகத்தை வெளியிட்டார். அவருடைய பாஞ்சாலி அடிமைப்பட்ட பாரத தேசமும்கூட. ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிஸில் 1943-ல் சார்த்தர் 'ஈக்கள்' நாடகத்தை மேடையேற்றினார். அதில் ஒரு கிரேக்கப் புராண நாயகன் கடவுளிடமே தன் சுதந்திரத்தைச் சொல்கிறான். நேராகப் பேச முடியாத காலத்தில் இருவருக்கும் கைகொடுத்தது பழங்கதைதான்.

திரௌபதியின் கேள்விக்குச் சபை கடைசிவரை பதில் தரவில்லை. பயந்துபோன திருதராஷ்டிரன் வரம் தருகிறான். முதல் வரத்தில் தருமரின் விடுதலை, இரண்டாவதில் மற்ற நால்வரின் விடுதலை, தேரோடும் வில்லோடும். மூன்றாவது வரம் வேண்டாம் என்கிறாள்.

அவள் மீட்டுத் தந்த விடுதலை வீடு போய்ச் சேரும்வரைகூட நிற்கவில்லை. வழியிலேயே மறுபடி சூதுக்கு அழைப்பு வருகிறது, தருமர் திரும்பிப் போகிறார். கைப்பேசியில் ரம்மி ஆடித் தோற்றவர்களுக்கு இந்த இடம் நன்றாகவே புரியும். பணயம் 12 ஆண்டு வனவாசம், 1 ஆண்டு தலைமறைவு. இந்த முறை அவர் மனைவியைத் தனியாகப் பணயம் வைக்கவில்லை. காட்டுக்கு மட்டும் அவளும் போக வேண்டியிருந்தது.