எதற்கு எது பொருத்தம்?

மீனுக்கு வெள்ளை ஒயின், ஆட்டிறைச்சிக்குச் சிவப்பு ஒயின் என்று பொருத்தம் பார்க்கும் கலை நம் கடற்கரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. பொம்மையார்பாளையம் ஒரு மீனவர் ஊர். தெற்கே கோட்டக்குப்பத்தைக் கடந்தால் புதுச்சேரி. வடக்கே காலாப்பட்டு, அதுவும் புதுச்சேரியின் துண்டு நிலமே. இடையே செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுதிகள் பெருகிவிட்டன. கிண்ணத்தைச் சுழற்றி, முகர்ந்து, ஒரு மிடறை நாவில் நிறுத்திக் கருத்துரைப்பதே நாகரிகத்தின் அடையாளம் என்ற பேச்சு, படித்த நம் இல்லங்களிலும் கேட்கிறது. அந்தப் பேச்சோடுதான் நமக்கு வழக்கு.

கலை பொய்யன்று, அதை முதலில் ஒப்புக்கொள்வோம். சிவப்பு ஒயினோடு மீன் உண்டால் கவிச்சு வாடை எழுவதற்கு அந்த ஒயினில் உள்ள இரும்பே காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினர். உணவின் புளிப்பு ஒயினின் புளிப்பை மிஞ்சினால் ஒயின் சப்பென்றாகிவிடும். ஆகவே நம் புளிக்குழம்பின் முன் பல ஒயின்கள் தோற்றுப்போகும். மிளகாயின் எரிச்சலை மது மேலும் தூண்டும். உப்போ கசப்பைத் தணிக்கும். அறுசுவை அறிந்த இனத்திற்கு இவை வியப்பல்ல. நாவின் அறிவும் இறைவன் தந்த அறிவே. அதை வளர்ப்பதில் குற்றமில்லை. அந்த அறிவுக்கு அரண் கட்ட எழுப்பப்படும் மூன்று வாதங்களே நம்மை எழுதத் தூண்டுகின்றன.

முதல் வாதம்: 'இது நமக்குப் புதிதன்று.' உண்மைதான். புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945-இல் மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது வந்த சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. நன்கலங்களில் யவனர் கொணர்ந்த நறுமதுவைப் பாண்டியன் நன்மாறன் பொற்கிண்ணத்தில் பருகுவதைப் புறநானூற்றில் நக்கீரர் பாடுகிறார்.

ஆனால் அதே பழந்தமிழில் இன்னொரு பந்தியும் உண்டு. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணப் பகுதியே என்பர் அறிஞர். அங்கே நுளையர் மகள் வடித்த முதிர்ந்த கள்ளையும் சுட்ட குழல்மீன் கருவாட்டையும் பரதவர் தருவார்கள். யாருக்கு? வழிப்போக்கனாக வரும் பாணனுக்கு. அவன் வீட்டில் உப்பும் இல்லாமல் கீரையை வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவடைத்து உண்ட குடும்பத்தை அதே பாட்டுக் காட்டுகிறது. உப்புக்கும் வழியற்றவனை உப்பு விளையும் கரை விருந்தினனாக ஏற்றது. இதுவே இக்கரையின் பழைய பொருத்தம். மரபு பேசுவோர் மன்னனின் கிண்ணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பாணனின் பந்தியை விட்டுவிடுவது ஏன்?

அந்தக் கள் இன்று குற்றம். 1987 சனவரி முதல் தமிழகத்தில் கள் விற்கத் தடை. எல்லைக்கு அப்பால் புதுச்சேரியில் தடையில்லை. கள்ளில் மதுவின் அளவு நூற்றுக்கு ஐந்து என்ற அளவில். ஒயினில் 12 முதல் 14 வரை. வலியது கலையாகவும் மெலியது குற்றமாகவும் ஆனது எந்த நீதியில்? கள்ளுக்கடையைத் திறவுங்கள் என்று வாதாட நாம் வரவில்லை. ஒரே தராசில் இருவரையும் நிறுக்கவேண்டும் என்கிறோம். அரசின் டாஸ்மாக் விற்பனை வருவாயோ 2023-24-இல் 45,000 கோடி ரூபாயைக் கடந்தது.

இரண்டாம் வாதம்: 'சுவைத்துக் குடிக்கப் பழகியவன் அளவோடு குடிப்பான், ஏழைக்கும் இதைக் கற்றுக்கொடுங்கள், கள்ளச்சாராயம் ஒழிந்துவிடும்.' இவ்வாறு பேசுவோர் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திற்குப் போய் இதைச் சொல்லட்டும். 2023 மே மாதத்தில் அவ்வூரிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் கள்ளச்சாராயம் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டு சூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர். அவர்கள் குடித்ததில் இருந்தது மெத்தனால். அதன் கொடுமையே அதை நாவால் பிரித்தறிய முடியாது என்பதுதான். உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணின் நரம்பைத் தாக்கும். பின் உயிரைக் குடிக்கும். எவ்வளவு தேர்ந்த நாவும் அங்கே காவல் நிற்காது. மாண்டவர்களுக்குக் குறைவாக இருந்தது சுவையறிவா? நாள் முழுதும் உழைத்த உடலின் வலியும், கையிலிருந்த சில்லறையும், விற்றவனைக் கண்டும் காணாதிருந்த சமூகமும் அல்லவா அவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தின?

மூன்றாம் வாதம் நம்மவருடையது: 'கானாவில் ஆண்டவரே நல்ல இரசம் தந்தார் அல்லவா?' தந்தார். ஆனால் யோவான் எழுதியதைக் கவனித்துப் படியுங்கள். சுவை பார்த்துப் பாராட்டியவர் பந்தி மேற்பார்வையாளர். அது எங்கிருந்து வந்தது என்று அவர் அறியவில்லை. தண்ணீர் மொண்டு சுமந்த பணியாளர்களே அறிந்திருந்தனர். நாவு அறியாததை உழைத்த கை அறிந்திருந்தது. கொரிந்து சபையிலும் திராட்சை இரசம் இருந்தது, உணவும் இருந்தது. வசதியுள்ளோர் காத்திராமல் உண்டு குடிக்க, இல்லாதோர் பசித்திருந்ததைக் கண்டே புனித பவுல் சினந்தார். அப்படி உண்பது ஆண்டவரின் விருந்தாகாது என்பதே அவர் தீர்ப்பு. இரசத்தின் தரத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

ஆகவே நம் கோரிக்கை எளியது. கிறிஸ்து பிறப்பு விழாவிலும் திருமண விருந்திலும் ஒயின் கிண்ணத்தை அந்தஸ்தின் அடையாளமாக ஏந்துவதை விடுவோம். குடிக்கும் ஏழையைக் குடிகாரன் என்றும், குடிக்கும் செல்வரை இரசிகர் என்றும் அழைக்கும் வழக்கத்தை நம் நாவிலிருந்து நீக்குவோம். எக்கியார்குப்பத்தில் தந்தையை இழந்த பிள்ளைகளின் படிப்பு என்னவாயிற்று என்று நம் பங்குகள் விசாரிக்கட்டும்.

இக்கரை மீனுக்கு எது பொருத்தம் என்று இனி யாரேனும் கேட்டால், அதைப் பிடித்தவன் பந்தியில் அமர்ந்திருக்கிறானா என்று திருப்பிக் கேட்போம். அவனுக்கு இலை போட்ட பிறகு மற்றப் பொருத்தங்களைப் பேசலாம்.