ஆங்கிலத்தில் ஆறாத நோ

ஹிப்னாடிசத்துக்குத் தமிழில் இரண்டு பெயர்கள் புழங்குகின்றன. ஒன்று மனோவசியம், மற்றது அறிதுயில். இரண்டில் மோசமான பெயர்தான் ஊருக்குள் நிலைத்தது. வசியம் என்றதும் வெற்றிலையில் மை போட்டுப் பார்க்கிறவரும், மேடையில் ஆளைப் பலகைபோல விறைக்க வைக்கும் வித்தைக்காரரும் நினைவுக்கு வருகிறார்கள். அறிதுயில் என்பதோ பாற்கடலில் பள்ளிகொண்டவனின் உறக்கத்துக்கு முன்னோர் சொன்ன பெயர். பார்க்கிறவருக்குத் தூக்கம், உள்ளே எல்லாம் அறிந்திருக்கும் விழிப்பு. சிகிச்சை அறையில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். ஆள் நினைவிழப்பதில்லை. பிடிக்கவில்லை என்றால் எழுந்து போகலாம். கவனம் ஓரிடத்தில் குவிந்து, சுற்றுப்புறம் பின்வாங்கி, சொல்லப்படும் ஒன்றை உடம்பு அனுபவமாக ஏற்றுக்கொள்ளும் தன்மை கூடுகிறது.

நாட்பட்ட வலிக்கு அறிதுயில் சிகிச்சை செய்யும் உதவி அளவானது, ஆனால் உண்மையானது. அதை ஏளனம் செய்கிறவர்களும் அதிசயம் என்று விற்கிறவர்களும் ஒரே அளவுக்கு நம்மவர்களுக்குத் தீங்கு செய்கிறார்கள். இவை இரண்டையும்விடப் பெரிய பிழை இன்னொன்று உண்டு: அந்தச் சிகிச்சையைத் தமிழில் கேட்கலாம் என்ற எண்ணமே நமக்கு வராதது.

முதலில் ஏளனம். "ஹிப்னோதெரபியால் குறைகிற வலி என்றால் அது மனசில்தானே இருந்தது?" கோவில் மண்டபத்திலும் கலியாண வீட்டிலும் நான் பல தடவை கேட்ட கேள்வி இது. கேட்கிறவர்களுக்குத் தாங்கள் பகுத்தறிவோடு பேசுவதாக நினைப்பு. உண்மையில் நூறாண்டு பழைய உடற்கூற்றியலைத்தான் பேசுகிறார்கள். காயம் ஒரு கம்பியை இழுக்கிறது, மூளையில் மணி அடிக்கிறது என்ற சித்திரம் 1965இல் மெல்சாக்கும் வாலும் தங்கள் 'வாயில் கட்டுப்பாடு' கொள்கையை வெளியிட்டபோதே ஆட்டம் கண்டுவிட்டது. உடம்பிலிருந்து வரும் செய்தியை முதுகுத்தண்டும் மூளையும் கூட்டுகின்றன, குறைக்கின்றன, சில வேளை வழியிலேயே மறிக்கின்றன. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் திருத்திய வரையறையும் வலியைப் புலனும் உணர்ச்சியும் சேர்ந்த அனுபவம் என்றே சொல்கிறது.

நான் மென்பொருள் அமைப்புகளைப் பராமரித்துப் பிழைக்கிறவன். எங்கள் தொழிலில் ஒரு தொல்லை உண்டு. சேவர் பழுது திருத்தப்பட்டு நாளாகியிருக்கும், ஆனால் எச்சரிக்கை மணி விடாமல் அடிக்கும். அதிகாலை மூன்று மணிக்கு அது ஆளை எழுப்புவது பொய்யல்ல. "பழுது இல்லையே, நீ ஏன் எழும்பினாய்?" என்று யாரும் கேட்பதில்லை. எச்சரிக்கை எந்த அளவில் ஒலிக்க வேண்டும் என்பதைப் போய்ச் சரிசெய்வோம். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிகளில் கணிசமானவை இந்த வகை. மணி உண்மை, தூக்கம் கெடுவது உண்மை. சரிசெய்ய வேண்டிய இடம்தான் வேறு.

வார்த்தையால் அந்த இடத்தைத் தொட முடியும் என்பதற்குச் சான்று உண்டு. 1997இல் மொன்ரியாலில் பியேர் ரான்வில்லும் கூட்டாளிகளும் தன்னார்வலர்களின் கையைச் சுடுநீரில் வைக்கச் செய்து மூளையைப் படம் பிடித்தார்கள். அறிதுயிலில் இருந்தவர்களிடம், வலியின் அளவைத் தொடாமல் அதன் துன்பம் கூடும் அல்லது குறையும் என்று மட்டும் சொன்னார்கள். தண்ணீரின் சூடு மாறவில்லை. ஆனால் துன்பத்தோடு தொடர்புடைய முன் சிங்குலேற் புறணியின் இயக்கம் சொன்ன சொல்லுக்கேற்ப மாறியது. இதை நடிப்பு என்று தள்ள வேண்டுமானால் மூளையின் ஒரு பகுதியும் சேர்ந்து நடித்தது என்று சொல்ல வேண்டும்.

இனி விற்பனைக்காரர்கள். "ஆறு அமர்வில் வலி பறந்துபோகும்" என்று விளம்பரம் செய்து, பொதியாக விலை பேசி, முழுப்பணத்தையும் முன்கூட்டியே வாங்குகிறவர்கள் நம்மவர்களிலும் இருக்கிறார்கள். பிரித்தானியாவில் 'ஹிப்னோதெரபிஸ்ட்' என்ற பட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. வார இறுதி வகுப்பொன்றுக்குப் போய்வந்தவரும் பெயர்ப்பலகை மாட்டலாம். மேடை வித்தையைக் கட்டுப்படுத்த 1952இல் சட்டம் போட்ட நாடு, சிகிச்சை அறையை விருப்பப் பதிவேடுகளின் பொறுப்பில் விட்டிருக்கிறது.

இவர்கள் சொல்லாமல் விடும் உண்மைகள் பல. அறிதுயிலுக்கு எல்லோரும் ஒரே அளவில் இசைவதில்லை. 1959இல் ஸ்ரான்ஃபோர்டில் அதை அளக்க ஓர் அளவுகோலே செய்தார்கள். சிலர் மிக எளிதில் இசைவார்கள், சிலர் அறவே இசையமாட்டார்கள், பெரும்பாலோர் நடுவில். 2019இல் 85 பரிசோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, எளிதில் இசைபவர்களுக்கு வலி ஏறக்குறைய 42 வீதமும் நடுத்தரமானவர்களுக்கு 29 வீதமும் குறைந்தது. இசையாதவர்களுக்குப் பெரிய பயனில்லை. அதிலும் அவை ஆய்வுகூடத்தில் ஆரோக்கியமானவர்களுக்கு உண்டாக்கிய வலிகள். இருபது வருடம் தொழிற்சாலையில் நின்று தேய்ந்த முழங்காலுக்கு அந்தக் கணக்கை அப்படியே போட முடியாது.

பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2021இல் வெளியிட்ட நாட்பட்ட முதன்மை வலி வழிகாட்டியின் பரிந்துரைகளில் உடற்பயிற்சி, சில உளவியல் சிகிச்சைகள், அக்குபங்சர், சில மனச்சோர்வு மருந்துகள் இடம்பெறுகின்றன. அறிதுயில் இல்லை. இதை மறைக்க வேண்டியதில்லை. அதே வழிகாட்டிதான் அந்த வலிக்குப் பரசிற்றமோல், இபுபுரூஃபன், ஓபியொயிட் எதையும் தொடங்க வேண்டாம் என்கிறது. அதே நிறுவனம்தான் 2008இல், எரிச்சலுறு குடல் நோய்க்கு ஒரு வருடம் மருந்து எடுத்தும் குணம் காணாதவர்களை அனுப்பக்கூடிய சிகிச்சைகளில் ஹிப்னோதெரபியையும் சேர்த்தது. மான்செஸ்டரில் பீற்றர் வோர்வெல் 1984இல் லான்செற் இதழில் தொடங்கிவைத்த ஆய்வுக்குக் கிடைத்த பலன் அது. முழுக்கப் பொய்யான ஒன்று இந்த இடத்துக்கு வந்திராது. முழுக்க அதிசயமான ஒன்று இந்த இடத்தோடு நின்றிராது.

'கீழைத்தேயத்தின் ஆதி ஞானம்' என்று இதை விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்கொட்லாந்து சத்திரசிகிச்சையாளர் 1845இல் வங்காளத்தின் ஹூக்ளியில், வலி தெரியாமல் அறுவைசெய்ய மெஸ்மெரிசத்தைப் பயன்படுத்தினார். படுத்திருந்தவர்கள் ஏழைகளும் கைதிகளும். மணிக்கணக்காகக் கை வீசிக் களைத்தவர்கள் வைத்தியசாலையின் சுதேச உதவியாளர்கள். புத்தகம் எழுதிப் பெயர் வாங்கியவர் எஸ்டெய்ல். இந்த மண்ணின் மக்கள் இதற்கு விசேடமாக இசைகிறவர்கள் என்றும் அவர் எழுதிவைத்தார். சக்தி வைத்தியர் கையில், பணிவு நோயாளியிடம் என்ற அந்தச் சித்திரத்தை 1843இலேயே மான்செஸ்டரில் ஜேம்ஸ் பிரெய்ட் உடைத்துவிட்டார். எந்தக் காந்தத் திரவமும் பாய்வதில்லை, நடப்பதெல்லாம் நோயாளியின் உள்ளேதான் என்றார். இன்றைய நல்ல சிகிச்சையாளர்கள் அந்த வழியில் வந்தவர்கள். சில அமர்வுகளில் முறையைக் கற்றுத்தந்து, ஒலிப்பதிவைக் கையில் கொடுத்து, வீட்டில் நீங்களாகச் செய்யுங்கள் என்று அனுப்புவார்கள். உங்களைத் தன்னிடமே திரும்பத் திரும்ப வரவைக்கிறவர் வசியக்காரர்தான்.

இப்போது மூன்றாவது பிழை. அறிதுயிலில் மாத்திரை இல்லை, ஊசி இல்லை, கருவி இல்லை. இருப்பது சொல் ஒன்றுதான். மருந்தே சொல்லாக இருக்கும்போது அது எந்த மொழியில் தரப்படுகிறது என்பது நிர்வாகப் பிரச்சினை அல்ல, மருந்தின் தரம் பற்றிய பிரச்சினை. தலையிடி, வயிற்றுக்குத்து, நாரிப்பிடிப்பு, கால் உளைவு, கைக் கடுப்பு, எரிவு, குடைச்சல், 'விண் விண்' என்ற தெறிப்பு என்று நம்மிடம் சொற்கள் எத்தனை! ஒவ்வொன்றும் வேறு நோ, ஒவ்வொன்றுக்கும் வேறு மாற்று. எரிவுக்குக் குளிர்மை சொல்ல வேண்டும். பிடிப்புக்கு இளக்கம் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பாளர் இவை எல்லாவற்றையும் 'பெயின்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அள்ளிப்போடும்போது, மருந்துச்சீட்டை எழுத முன்னமே கிழித்தாகிவிட்டது.

என் பெரியம்மாவுக்குப் பதினொரு வருட நாரி உளைவு. ஒரு வலிச் சிகிச்சை நிலையத்தில் அறிதுயில் அமர்வொன்று கிடைத்தது. உளவியலாளர் நல்ல பெண், ஆங்கிலத்தில் மெல்லிய குரலில் பேசினார். தொலைபேசியின் ஒலிபெருக்கியில் ஒரு மொழிபெயர்ப்பாளர். "நீங்கள் ஒரு கடற்கரையில் படுத்திருப்பதாக நினையுங்கோ. மணல் சூடாக இருக்குது." பெரியம்மா கண்ணைத் திறந்தார். "எந்தக் கடற்கரை எண்டு கேள் தம்பி" என்றார் என்னிடம். 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால் மணலில் கிடந்து உயிரோடு வந்தவர் அவர். உளவியலாளருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. யாரும் கேட்கவில்லை. படிவத்திலும் அதற்கு இடமில்லை.

நம் சமூகத்தில் உடம்புக்குள் செல்துண்டுகளோடு வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். தடுப்பில் சித்திரவதைப்பட்டுத் தீராத வலியோடு வந்தவர்கள் இருக்கிறார்கள். 'படி இறங்கிக் கீழ் அறைக்குப் போங்கள்' என்பது பலருக்கு அமைதி. இவர்களில் சிலருக்கு அது நிலவறை. கண்ணை மூடு, நான் சொல்வதைக் கேள் என்பதே சிலருக்கு விசாரணையாளரின் குரல். ஆகவே இவர்களுக்கு இச்சிகிச்சையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆளை அறிந்தவர், மொழியை அறிந்தவர், கண் திறந்தபடியே செய்யத் தயாராக இருப்பவர் வேண்டும் என்கிறேன். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அறிதுயில் மறந்ததை மீட்டுத் தராது. நினைவின் துல்லியத்தைக் கூட்டாமல் நிச்சயத்தை மட்டும் கூட்டிவிடக்கூடும். அகதி வழக்கு நடந்துகொண்டிருக்கும் ஒருவரிடம் 'பழையதை மீட்டெடுப்போம்' என்று ஒரு சிகிச்சையாளர் சொன்னால், அவருடைய வாக்குமூலத்தின் நம்பகத்தன்மையோடு விளையாடுகிறார் என்று பொருள்.

தமிழில் செய்ய ஆட்கள் எங்கே என்று கேட்பார்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்ணிலும் நம் பிள்ளைகள் டொக்டர்களாக, தாதிகளாக, உளவியலாளர்களாக, இயன்மருத்துவர்களாக இருக்கிறார்கள். தமிழ் விளங்கும், பேச வெட்கம். அந்த வெட்கத்தை உண்டாக்கியதில் அவர்களின் உச்சரிப்பைப் பார்த்துச் சிரித்த நமக்கும் பங்குண்டு. இயந்திர மொழிபெயர்ப்பில் ஒரு செயலி செய்துவிடலாம் என்று என் தொழில் நண்பர்கள் சொல்வார்கள். கடற்கரையை இயந்திரமும் கடற்கரை என்றுதான் மொழிபெயர்க்கும். வேண்டியது ஊர் ஊராக நோவுக்கு நாம் சொல்லும் சொற்களின் பட்டியல், எந்தச் சொல்லுக்கு எந்த மாற்று இதமாக இருக்கும் என்று நோயாளிகளிடமே கேட்டு எழுதிய பிரதிகள், அவற்றைப் பழகிய குரலில் வாசித்த ஒலிப்பதிவுகள். தகுதியுள்ள உளவியலாளர் ஒருவரின் மேற்பார்வையில் இதைச் செய்ய ஆகும் செலவு, நாம் நடத்தும் ஒரு கலைவிழாவின் மண்டப வாடகையைத் தாண்டாது.

அதுவரை, காசு கொடுக்க முன்னர் கேட்க வேண்டியவை சில. வலிக்குக் காரணம் உண்டா என்று வைத்தியர் பார்த்துவிட்டாரா? எடை குறைகிறது, சிறுநீர் கட்டுப்படவில்லை, கால் மரத்துப்போகிறது என்றால் அறிதுயில் காத்திருக்கட்டும், முதலில் வைத்தியசாலை. சிகிச்சையாளர் வேறொரு சட்டப்பூர்வ மருத்துவத் தொழிலில் பதிவுபெற்றவரா? எத்தனை அமர்வு, என்ன கட்டணம் என்று முதல் நாளே சொல்கிறாரா? நீங்களாகச் செய்யக் கற்றுத்தருவாரா? மருந்தை நிறுத்தச் சொன்னால் அவரை நிறுத்திவிட்டு உங்கள் வைத்தியரிடம் போங்கள்.

கடைசியாக ஒரு கேள்வியை உங்கள் வைத்தியசாலையிடமும் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்: "சொல்லால் செய்யும் இந்தச் சிகிச்சையை எனக்கு விளங்கும் சொல்லில் தருவீர்களா?" ஒருவர் கேட்டால் அது முறைப்பாடு. நூறு பேர் கேட்டால் அதற்குப் படிவத்தில் இடம் வரும்.