மின்சார கார் புக் பண்ணியாச்சு... கைக்கு எப்போ வரும்?

திருவண்ணாமலையில் பௌர்ணமி அன்று கோயில் வரிசையில் நிற்பவருக்கு, முன்னால் எத்தனை பேர் என்பது கண்ணுக்குத் தெரியும். அதே ஊரில் மின்சார காருக்கு முன்பணம் கட்டியவருக்கு ‘வந்துடும் சார்’ என்பதுதான் பெரும்பாலும் பதில்.

மஹிந்திராவின் பிஇ 6, எக்ஸ்இவி 9இ கார்களுக்கு 2025 பிப்ரவரி 14-ல் முதல் நாளிலேயே 30,179 புக்கிங் குவிந்தது. மார்ச்சில் டெலிவரி தொடங்கியபோது விலை உயர்ந்த ‘பேக் த்ரீ’க்குத்தான் முதலிடம். குறைந்த விலை ‘பேக் ஒன்’னுக்கு ஆகஸ்ட் என்று அறிவித்தார்கள். ஆக, முந்தி புக் பண்ணினால் மட்டும் போதாது. எந்த மாடல் என்பதும் முக்கியம். மாதத்தைச் சொல்ல முடிகிற நிறுவனங்கள், வரிசை எண்ணையும் செயலியில் காட்டலாமே?

அதுவரை சும்மா இருக்க வேண்டாம், வீட்டு மின் இணைப்பைப் பாருங்க. 7.2 கிலோவாட் சார்ஜருக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு போதுமா, எர்த்திங் சரியா? மின்பளுவைக் கூட்ட மின்வாரியத்தில் விண்ணப்பித்து, கட்டணம் கட்ட வேண்டும். சாதாரண 15 ஆம்ப் பிளக்கில் 59 கிலோவாட் ஹவர் பேட்டரி முழுதாக நிரம்ப சுமார் 20 மணி நேரம் பிடிக்கும். வாடகை வீடா? முதலில் ஓனரிடம் பேசிவிடுங்கள்.