எழுதிப் பார்த்தால்தான் தெரியும்!



"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா" என்று பேரவை நண்பர்கள் கேட்டபோது, 'இளைஞர்களும் நாட்டின் எதிர்காலமும்' என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் தள்ளிவிடலாம் என்றுதான் நினைத்தேன். மனசு கேட்கவில்லை. என் வீட்டில் நடந்த ஒரு விஷயத்தையும், அதனால் எனக்குத் தோன்றிய ஒரு கருத்தையும் உங்கள் முன் வைக்கிறேன். சரியா, தப்பா என்று நீங்களே சொல்லுங்கள்.

என் பெரியப்பா படித்தது ஐந்தாம் வகுப்பு. நம் ஊரில் ஒரு சின்ன பீங்கான் பட்டறையில் முப்பது வருஷத்துக்கு மேல் சூளை வேலை பார்த்தவர். பார்வைத் துளை வழியாக ஒரு கண்ணை இடுக்கிப் பார்ப்பார். "இன்னும் அரை மணி போகட்டும்" என்பார். அவர் சொன்னது தப்பியதில்லை. புதிதாக ஃபெல்ட்ஸ்பார் லோடு வந்தால் ஒரு சிட்டிகை எடுத்துச் சூளையில் வைத்து உருக்கிப் பார்ப்பார். "இது வேற சரக்கு, சீக்கிரம் உருகுது" என்று சொல்லி, கிளேஸ் கலவையில் குவார்ட்ஸ் தூளைக் கொஞ்சம் கூட்டிப் போடுவார்.

"ஏன் பெரியப்பா?" என்று ஒருமுறை கேட்டேன். "போடணும்டா, அவ்ளோதான்" என்றார்.

முந்தின வருஷம் ஆவணியில் அவர் தவறிவிட்டார். அடுத்து வந்த கார்த்திகைக்கு பட்டறையில் விளக்கு ஆர்டர். சூளையைத் திறந்தபோது சரக்கு பளபளவென்றுதான் இருந்தது. ராத்திரி அடுக்கி வைத்த விளக்குகளில் இருந்து 'டிங்... டிங்...' என்று சத்தம் வந்ததாம். காலையில் பார்த்தால் கிளேஸ் முழுக்க மயிரிழை மயிரிழையாய் விரிசல். கிரேசிங்!

பட்டறைக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். "அண்ணன் எங்கயாவது கலவைக் கணக்கு எழுதி வச்சிருக்காராம்மா?" என்று பெரியம்மாவிடம் கேட்டார். டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினோம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் அவர் கையெழுத்து இருந்தது. வாங்கிய அட்வான்ஸ் கணக்கு. வேறொன்றும் இல்லை.

அவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ இதைத்தானே படிக்கிற? இது ஏன் வெடிக்குது?"

நான் பாடத்தில் இருந்த டெஃபனிஷனை அப்படியே ஒப்பித்தேன். 'மேற்பூச்சில் தோன்றும் மெல்லிய விரிசல்களின் வலைப்பின்னல்...'

"அதான் கண்ணுக்கே தெரியுதே தம்பி. ஏன்னு கேட்டேன்."

நண்பர்களே, அந்தப் பேப்பரில் எனக்கு நல்ல மார்க். ரெக்கார்டு நோட்டில் கிரேசிங் பற்றி ஒன்றரைப் பக்கம், படத்தோடு. எல்லாம் சீனியரின் நோட்டைப் பார்த்து எழுதியது. பெரியப்பாவுக்குத் தெரியும், ஆனால் எழுதவில்லை. நான் எழுதியிருந்தேன், ஆனால் தெரியவில்லை. இரண்டு பேரில் யாராலும் அந்த விளக்குகளுக்குப் பிரயோஜனம் இல்லை!

அன்று ராத்திரி ஒரு பழைய நோட்டை எடுத்து, புத்தகத்தைப் பார்க்காமல், என் சொந்த வார்த்தையில் எழுத உட்கார்ந்தேன். 'ஆறும்போது கிளேஸும் சுருங்கும், அடியில் உள்ள பாடியும் சுருங்கும். கிளேஸ் அதிகமாகச் சுருங்கினால் இழுபட்டு விரிசல் விடும்.' இரண்டு வரி வந்துவிட்டது. மூன்றாவது வரியில், கிளேஸ் ஏன் அதிகம் சுருங்குகிறது என்ற இடத்தில், பேனா நின்றுவிட்டது. எனக்குத் தெரியாதது எது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது!

மறுநாள் ஆசிரியரிடம் போய் அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டேன். ஃபெல்ட்ஸ்பாரில் இருக்கிற சோடா, பொட்டாஷ் கூடினால் கிளேஸ் சீக்கிரம் உருகும், கூடவே அதன் சுருக்கமும் கூடும். சிலிகாவைக் கூட்டினால் அந்தச் சுருக்கம் குறையும். அப்போதுதான் பெரியப்பாவின் குவார்ட்ஸ் தூள் எனக்குப் புரிந்தது. எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா தையல் வேலை செய்பவர். "லைனிங் வச்ச ஜாக்கெட்ல மேல்துணி மட்டும் தண்ணியில சுருங்கினா தையல் பிரிஞ்சிடும். அது மாதிரியா?" என்றார். அதே மாதிரிதான்! என் ஒன்றரைப் பக்கத்தில் இல்லாத தெளிவு அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

இதுதான் என் கருத்து. நமக்குத் தெரிந்ததைத் தெளிவாக்க ஒரே வழி, சொந்த வார்த்தையில் எழுதிப் பார்ப்பது. எழுதியதை இன்னொருவரிடம் காட்டுவது அதில் பாதி வேலை.

பெரிய ஆள் ஒருவரின் கதையைச் சொல்கிறேன். கணிதமேதை ராமானுஜன் எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர். கையில் பட்டம் இல்லை. இருந்தது நோட்டுப் புத்தகம் மட்டும். 1910-இல் அதை எடுத்துக்கொண்டு திருக்கோவிலூருக்கு ரயிலில் போனார். அன்றைக்கு அது நம் தென்னாற்காடு மாவட்டம்தான். அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயர் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். ராமானுஜன் அவரிடம் கேட்டது ஒரு சாதாரண குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிப் பார்த்த ஐயர், இவரைக் கொண்டுபோய் ரெவின்யூ ஆபீஸில் போட்டு அமுக்க மனமில்லாமல், சென்னையில் இருந்த கணித நண்பர்களிடம் அனுப்பினார். 1911-இல் கழகத்தின் இதழில் ராமானுஜனின் முதல் கட்டுரை வந்தது. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் போட்டார். 1914-இல் கப்பல் ஏறினார். எல்லாவற்றுக்கும் ஆரம்பம், எழுதி வைத்த ஒரு நோட்டை இன்னொருவரிடம் காட்டியதுதான்!

இதே கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. காகிதம் வாங்கக் காசில்லாமல் அவர் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, விடையை மட்டும் நோட்டில் ஏற்றினார். வழிமுறை போய்விட்டது. ஹார்டியே 'நிரூபணம் எங்கே?' என்றுதான் பதில் எழுதினார். ராமானுஜன் 1920-இல் 32 வயதில் மறைந்தார். அந்த நோட்டுகளில் உள்ள முடிவுகளுக்கு நிரூபணம் தேடித் தொகுத்து, அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ன்ட் ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். முதல் தொகுதி 1985-இல் வந்தது, ஐந்தாவது 1998-இல். மேதைக்கே இந்தக் கதி என்றால், "போடணும்டா, அவ்ளோதான்" என்று சொன்ன பெரியப்பாவின் கைக்கணக்கை எந்தப் பேராசிரியர் வந்து தேடப்போகிறார்?

நம் தொழிலிலேயே ஒரு முன்னோடி உண்டு. இங்கிலாந்தின் ஜோசையா வெட்ஜ்வுட் 1759-இல் ஒரு சோதனை நோட்டு ஆரம்பித்தார். ஒவ்வொரு சோதனைத் துண்டுக்கும் ஒரு எண். அந்த எண்ணுக்கு நேராக நோட்டில் கலவை, சூடு, என்ன ஆனது என்று குறிப்பு. ஜெயித்ததை மட்டுமல்ல, தோற்றதையும் எழுதினார். ஆயிரக்கணக்கான சோதனைக்குப் பிறகுதான் அவருடைய 'ஜாஸ்பர்' பீங்கான் கைகூடியது. அவருக்கும் தொழில் ரகசியம் இருந்தது. திருட்டுக்குப் பயந்து சரக்குப் பெயர்களைச் சங்கேதமாகவே எழுதினார். ஆனால் சூளையின் சூட்டை அளக்க ஒரு கருவி கண்டுபிடித்ததும், 1782-இல் அதை ராயல் சொசைட்டியில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். எதை மூடணும், எதைத் திறக்கணும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. முதலாளியின் பார்முலாவை ஊருக்குச் சொல்லுங்கள் என்று நானும் சொல்லவில்லை. உங்கள் புத்தியில் ஓடியதை எழுதுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

நண்பர்கள் சொல்லும் சாக்குகளும் எனக்குத் தெரியும். "எனக்கு இங்கிலீஷும் வராது, தமிழும் சரியா வராது மச்சான்!" கலந்தே எழுது. என் நோட்டும் அப்படித்தான் இருக்கிறது. நாவல் எழுதவா சொன்னேன்? "எல்லாம்தான் போன்ல இருக்கே, கேட்டா கட்டுரையே எழுதித் தருதே!" உண்மை. ஆனால் அது எழுதித் தந்ததைப் படித்தபோதும் எனக்குப் புரிந்த மாதிரிதான் இருந்தது. மூன்றாவது வரியில் பேனா நிற்கவில்லை, அவ்வளவுதான். தவிர, நம் ஊர்ச் சூளையில் நேற்று வந்த லோடைப் பற்றி அதற்கு யார் சொன்னார்கள்? "தப்பா எழுதினா சிரிப்பாங்களே!" சிரிக்கட்டும். நோட்டில் வெடித்தால் ஒரு தாள்தான் வீண். சூளையில் வெடித்தால் ஒரு ஆர்டரே வீண்.

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏட்டில் ஏறாத கைவேலை அடுத்த தலைமுறைக்கு உதவாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. ஒன்று, எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். தினமும் ராத்திரி, இன்று புரிந்தது என்ன, புரியாதது என்ன, ஏன் என்று ஐந்து வரி எழுதுங்கள். இரண்டு, சனிக்கிழமை பக்கத்துப் பெஞ்சு நண்பனோடு நோட்டை மாற்றிக்கொள்ளுங்கள். நல்லதைப் பேரவை துறை நோட்டீஸ் போர்டில் சுவரேடாக ஒட்டட்டும். மூன்று, இந்த லீவில் ஆளுக்கொரு பழைய சூளைக்காரரிடம் போய் உட்காருங்கள். "போடணும், அவ்ளோதான்" என்று அவர் சொன்னால், எழுந்து வந்துவிடாதீர்கள். எவ்வளவு, எப்போது, ஏன் என்று கேட்டு எழுதுங்கள்.

பிறகு அந்தப் பட்டறையில் குவார்ட்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஐந்து சோதனை வைத்துப் பார்த்தேன். நான்காவது துண்டைச் சூடாக்கிப் பச்சைத் தண்ணீரில் போட்டும் விரிசல் விடவில்லை. ஐந்தையும் எடை போட்டு எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் பெரியப்பா எந்த லோடுக்கு எவ்வளவு போட்டார் என்பது இன்றுவரை தெரியாது. கேட்டு எழுத எனக்கு எத்தனையோ வருஷம் இருந்தது. நான் எழுதவில்லை.

நீங்களாவது எழுதுங்கள்!

– மூன்றாம் ஆண்டு மாணவன்