பழைய வண்டியும் புதிய பின் அச்சும்

பழைய மாணவர் சங்கத்தின் யூபிலி மலரிலே மொழி, கல்வி, சமயம் என்பன பற்றி எழுதுவதே மரபு. யான் எடுத்துக்கொண்ட பொருளோ ஒரு பழைய பிக்கப் வண்டியின் பின் அச்சு. இதற்கும் கல்லூரிக்கும் யாது தொடர்பு என அன்பர்கள் வினவுதல் இயல்பே. கற்ற கணக்கும் பௌதிகமும் வகுப்பறையோடு நின்றுவிட வேண்டியவை அல்ல என்பதும், நம்மூர்க் கராச்சுகளில் உள்ள அறிவு எழுதப்படாமலே அழிந்து வருகின்றது என்பதும் என் கருத்து. இவ்விரண்டையும் ஒரு வண்டியைக் கொண்டே விளக்கலாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீதிகளில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் முதலிய வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. அவற்றை நாம் காத்ததற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமன்று. வேறு வழியின்மையே பெருங் காரணம். 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின் கண்டி வீதி மூடப்பட்டது. பெற்றோலும் மின்கலங்களும் உதிரிப்பாகங்களும் தடைப்பட்டன. சில துளி பெற்றோலால் எஞ்சினை முடுக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய காலம் அது. புதிய வண்டிகள் பல முடங்கிக் கிடக்க, அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின்களே அவ்வெண்ணெயை ஏற்று உழைத்தன. அப்பொழுது மாணவனாயிருந்த யான் அந்தப் புகையின் மணத்தை இன்னும் மறக்கவில்லை.

எங்கள் வீட்டு வண்டி மொறிஸ் மைனர் பிக்கப். அலெக் இசிகோனிசு என்னும் பொறியியலாளர் வடிவமைத்த மைனர் 1948இல் வெளிவந்தது. 1953இல் அதன் பிக்கப் வண்டி தோன்றியது. தொடக்கத்தில் அது கால் தொன் சுமைக்கென்றே செய்யப்பட்டது. எங்கள் செம்மண் தோட்டத்து வெங்காயமோ அந்த வரையறையை ஒருநாளும் மதித்ததில்லை.

2018ஆம் ஆண்டில் ஒரு சந்தைநாள் விடியற்காலை, உரும்பிராயிலிருந்து மருதனார்மடம் வழியாகச் சுன்னாகம் சென்றுகொண்டிருந்தோம். சந்தி ஒன்றில் நின்று மீண்டும் புறப்படுகையில் பின்னாலே ‘டக்’ என்றோர் ஒலி எழுந்தது. எஞ்சின் இரைந்தது, கியர் விழுந்தது, வண்டி மட்டும் அசையவில்லை. இடப்பக்கத்து அரைத்தண்டு, கராச்சில் ‘ஆஃப் சாஃப்ட்’ என்பது, முறிந்திருந்தது. நல்வாய்ப்பாகச் சில்லு கழன்று ஓடவில்லை. இவ்வச்சிலே சில்லைத் தாங்குவது தண்டு அன்று. அச்சின் உறைமீது இருக்கும் பெயாறிங் ஆகும். ஒரு தண்டே முறிந்திருக்க மற்றச் சில்லாவது வண்டியை இழுக்கலாகாதோ என உடன்வந்த என் மருமகன் கேட்டான். இழுக்காது. வளைவிலே வெளிச்சில்லு விரைந்தும் உட்சில்லு மெதுவாயும் சுழல இடங்கொடுப்பதே டிப்பரென்சியலின் தொழில். அது தன் வலுவை இருபுறமும் சமமாகவே பகிரும். ஒருபுறம் தாங்குவதற்கு ஒன்றுமில்லையாயின் மறுபுறத்துக்கும் ஒன்றும் கிடையாது. முறிந்த தண்டு வீணே சுழலும். முழுத் தண்டு வாளாவிருக்கும்.

அதன்பின் எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள் தோன்றின. “ஜப்பான் வண்டியின் பின் அச்சை முழுதாகவே பூட்டிவிடுவோம், மாமா, அது வலியது, வேகமும் கூடும்” என்றான் மருமகன். நண்பர் ஒருவரோ, தொழிற்சாலையில் இட்ட ஆணியைத் தானும் மாற்றலாகாது என வாதித்தார். இருவர் கூற்றையும் யான் முற்றாக ஏற்கவில்லை. உழைக்கும் வண்டி நூதனசாலைப் பொருளன்று. ஆதலால் மாற்றம் வேண்டியதே. ஆனால் மாற்றம் என்பது பெரியதொன்றைப் பூட்டுதல் அன்று. வண்டியின் வேலையையும், ஓடும் வீதியையும், நிறுத்தும் ஆற்றலையும் ஒருங்கே அளந்து செய்வதாகும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின் கொண்ட மைனரில் பினியனுக்கு 9 பற்கள், கிறவுண் சில்லுக்கு 41 பற்கள். அதாவது எஞ்சினிலிருந்து வரும் தண்டு 4.55 முறை சுற்றினால் பின் சில்லு ஒருமுறை சுற்றும். 1962இல் 1098 எஞ்சின் வந்தபோது கார்களுக்கு 9க்கு 38, அதாவது 4.22 ஆயிற்று. 1960களின் இறுதிமுதல் எம்.ஜி. மிட்ஜெற் வண்டிக்கு வந்த 10க்கு 39, அதாவது 3.9, மைனரின் அச்சுறையிலும் அமரும். மேல் கியரில் மணிக்கு 60 கிலோமீற்றர் ஓடுகையில் 4.55க்கு எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,460 முறை சுழலும்; 4.22க்கு 2,280, 3.9க்கு 2,110. சுழற்சி குறைய இரைச்சலும் தேய்வும் எண்ணெய்ச் செலவும் குறையும். ஆனால் இழுவலுவும் அதே விகிதத்திற் குறையும்: 4.22ஆல் நூற்றுக்கு 7, 3.9ஆல் நூற்றுக்கு 14.

நமது குடாநாடு மலையற்ற சமநிலம். ஆதலால் உயர்ந்த விகிதம் இங்கே ஓரளவு பொருந்தும் என்பது உண்மையே. ஆனால் சுமையும், தோட்ட ஒழுங்கையின் மணலும், எதிரே வீசும் சோளகக் காற்றும் மலைக்கு இணையானவை. பாரம் ஏற்றாத 1098 எஞ்சின் வண்டிக்கு 3.9 தகும். 948 எஞ்சினோடு வெங்காயம் ஏற்றும் பிக்கப்புக்கு அது தகாது, 4.55 மூட்டையைச் சுமக்கும், 3.9 சாரதியையே சுமக்கும். மண்ணெண்ணெயில் வலுக்குன்றிய எஞ்சின்களும் அன்று சுமை இழுத்தமைக்கு இந்தத் தாழ்ந்த விகிதம் பெரிதும் துணைநின்றது என்பதையும் மறவாதிருப்போம்.

தம் வண்டியின் விகிதத்தை அறிய விரும்பும் மாணவர் பெட்டியைப் பிரிக்க வேண்டியதில்லை. முன் சில்லுகளுக்குக் கல் வைத்து, கியரை நியூற்றலில் விட்டு, கைப்பிறேக்கைத் தளர்த்தி, ஒரு பின் சில்லை மட்டும் ஜக்கினால் உயர்த்தி, அச்சில்லை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுக. மற்றச் சில்லு நிலத்தில் நிற்பதால் கிறவுண் சில்லு ஒரு சுற்றே சுற்றும். அதற்குள் புறொப்பெல்லர் தண்டு எத்தனை சுற்றுச் சுற்றுகின்றதோ அதுவே விகிதம். வகுப்பிலே சராசரி என்று கற்றது இங்கே கண்முன் நிற்கும்.

இனி, பலர் கவனியாது விடுவதைக் கூறுகின்றேன். மைனரின் வேகமானி கியர்ப் பெட்டியிலிருந்து இயங்குவது. பின் அச்சு மாறியதை அஃது அறியாது. 4.55ஐ 3.9 ஆக்கியபின் முள் 60ஐக் காட்டும்பொழுது வண்டி உண்மையில் 70இல் ஓடும். வேகம் 60இலிருந்து 70 ஆயின், பிறேக் அடக்கவேண்டிய இயக்கசக்தி மூன்றில் ஒரு பங்குக்கு மேலாகக் கூடுகின்றது. உற்பத்தியாளர் இதை நன்கு அறிந்திருந்தனர். 1962இல் எஞ்சினையும் விகிதத்தையும் உயர்த்திய அதே வேளையில் முன் பிறேக் உருளையையும் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக்கினர். அவர்கள் ஒன்றாகச் செய்ததை நாம் பிரித்துச் செய்வது அறிவுடைமையாகாது. 2009க்குப் பின் நம் வீதிகள் காபெற் இடப்பெற்று வழுவழுப்பாயின. குழியும் பள்ளமும் அன்று இட்டிருந்த கட்டுப்பாடு இன்று இல்லை.

வேற்று அச்சைப் பூட்டுவதிலும் இடர் உண்டு. மைனரின் சில்லுத் துளைகள் 4 அங்குல வட்டத்தில் அமைந்தவை. ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் அது 4½ அங்குலம். முன்னுக்கு ஒரு சில்லும் பின்னுக்கு வேறொரு சில்லும் ஆயின், மேலதிகச் சில்லு ஒரு பாதிக்கே உதவும். சுருள் ஸ்பிறிங்குக்கெனச் செய்த அச்சில் இலை ஸ்பிறிங் அமரும் தளம் இல்லை; அதனை ஒட்டவேண்டும். ஒட்டும் கோணம் சிறிது பிழைத்தாலும் புறொப்பெல்லர் தண்டு அதிரும். ஒட்டு விட்டாலோ அச்சே விலகும். செய்யவே கூடாதென்பதன்று, அளந்து செய்யத்தக்கவர் கையிலன்றிச் செய்யலாகாது என்பதே என் கருத்து.

எங்கள் வண்டியைப் பார்த்த முதிய மெக்கானிக், மருமகனின் திட்டத்தைப் பொறுமையோடு கேட்டபின், “தம்பி, பூட்டுறது சுகம், நிப்பாட்டுறது எப்படி எண்டு முதலிலை யோசி” என்றார். வேறு சொற்பொழிவு வேண்டியிருக்கவில்லை. எங்கள் வண்டியில் முன்னரே 1098 எஞ்சினும் 8 அங்குல முன் பிறேக்கும் இருந்தமையால் 4.22ஐத் தெரிந்துகொண்டோம். அரைத்தண்டுகள் இரண்டையும் மாற்றினோம். முறியாதது முறிந்ததற்கு ஒத்த வயதினது அன்றோ! கிறவுண் சில்லும் பினியனும் ஒன்றோடொன்று உரைத்துப் பொருத்திய சோடி. ஒன்றை மாத்திரம் மாற்றலாகாது. பெரியவர் பற்களிற் சாயம் பூசி, சுழற்றி, தடம் பல்லின் நடுவே பதியும்வரை மென்தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் ஒரு பகல் முழுதும் உழைத்தார். இவ்வகைப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்வன. ஆதலால் அவற்றுக்கென உரிய 90ஆம் இலக்கக் கியர் எண்ணெயே ஊற்ற வேண்டும் என்றும் வற்புறுத்தினார். கழற்றிய 4.55ஐ எண்ணெய் பூசிச் சாக்கிற் சுற்றி வைத்துள்ளோம். வண்டி இன்று அமைதியாக ஓடுகின்றது. சுமையையும் முன்னிலும் குறைவாகவே ஏற்றுகின்றோம். அதுவும் ஒரு மேம்பாடே.

அப்பெரியவரின் கைப்பக்குவம் எந்த நூலிலும் இல்லை. தடை நிலவிய ஆண்டுகளில் கிடைக்காத பாகத்தைக் கடைந்தும், தேய்ந்ததை நிரப்பியும் வண்டிகளை ஓடச்செய்த தலைமுறை அது. தென்னிலங்கையில் 1990களில் மொறிஸ் மைனரின் பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினர்; நம்மிடமும் அத்தகைய திறன் இருந்தது, ஆனால் பட்டறைச் சுவரைத் தாண்டவில்லை. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அவ்வைந்தாண்டுகளும் பழைய வண்டியின் அருமையையும் அதனைத் திருத்துவோரின் அருமையையும் நமக்குத் திரும்பவும் உணர்த்தின.

ஆதலால் இம்மலர் வாயிலாக மூன்று வேண்டுகோள் விடுக்கின்றேன். பழைய வண்டி வைத்திருக்கும் பழைய மாணவர், செய்யும் மாற்றம் ஒவ்வொன்றையும் அளவோடும் திகதியோடும் ஒரு கொப்பியில் எழுதி வைப்பாராக. மாணவர், விடுமுறையில் தம் ஊர்க் கராச்சுக்குச் சென்று முதியோர் சொல்வதைக் கேட்டு, படம் வரைந்து, கல்லூரி நூலகத்திற் சேர்ப்பாராக. பொறியியல் கற்ற நம்மவர், சிறப்பாக அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தோடு தொடர்புடையோர், அவற்றைச் சரிபார்த்துத் தமிழில் ஒரு சிறு கைந்நூல் ஆக்குவாராக.

கழற்றிய பற்சில்லைச் சாக்கிற் சுற்றிக் காக்கலாம். கற்ற கையை அவ்வாறு காத்தல் இயலாது. எழுதியும் பழகியுமே காத்தல் வேண்டும். எங்கள் வண்டியைத் திருத்திய பெரியவருக்கு இப்போது கண்பார்வை குன்றிவிட்டது. அவர் பக்கத்தில் அமர்ந்து எழுத ஒரு மாணவன் முன்வருவானாயின், இக்கட்டுரை எழுதிய பயனை யான் பெற்றவனாவேன்.