மாத்திரையை ஏன் முழுங்கல?

'மருந்தை ஒழுங்கா சாப்பிடறதில்ல. அதான் திரும்பத் திரும்ப வந்து படுக்கறாங்க.' அரசு மருத்துவமனை வார்டுகளில் நம் ஜனங்களைப் பார்த்துச் சொல்லப்படும் தீர்ப்பு இது. சேரிச் சனத்துக்குச் சொன்னாப் புரியாது என்கிற பழைய சாதிப் புத்திதான் இங்கே வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு பேசுகிறது என்பேன்.

இதயச் செயலிழப்பை எடுத்துக்கொள்வோம். இதயத்தால் ரத்தத்தைச் சரியாகத் தள்ள முடியாமல் போகும்போது உடம்பில் நீர் தேங்குகிறது. கால் வீங்கும். நுரையீரலில் நீர் கோத்தால் படுக்க முடியாது, மூச்சு முட்டும். அந்த நீரை வெளியேற்ற ஃப்யூரோசிமைட் மாத்திரை தருகிறார்கள். முழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் மூத்திரம் முட்டும். ஆறு மணி நேரம்வரை திரும்பத் திரும்பப் போகணும்.

விடியற்காலையில் துடைப்பத்தோடு தெருவில் நிற்கும் ஒப்பந்தத் துப்புரவுப் பெண் எங்கே போவாள்? எங்க சேரியில் சின்னம்மா ஒருத்தர் என்னிடம் கேட்டார்: 'ஊரு கக்கூசெல்லாம் கழுவுறோம். எங்களுக்கு ஒதுங்க ஒரு எடம் காட்டு தம்பி, மாத்திரையை முழுங்கறேன்.' துப்புரவாளரைத் 'தூய்மைப் பணியாளர்' என்று பேர் மாத்தியாச்சு. இடம் மட்டும் வரல.

ஆக, வேலை நாளில் மாத்திரை நிற்கிறது. நீர் ஏறுகிறது. மறுபடி வார்டு, மறுபடி ஊசி, மறுபடி அதே திட்டு. வேலை முடிந்து வீடு வந்தபின் போட்டுக்கொள்ளும்படி நேரத்தை மாற்றித் தர மருத்துவரால் முடியும். அதற்கு, 'என்ன வேலை செய்யறீங்க?' என்று ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டுமே!

உப்பைக் குறை என்கிறார்கள். ரேஷன் அரிசிச் சோறு தொண்டையில் இறங்க ஊறுகாயும் கருவாடும்தானே கைக்கு எட்டுது? ஓய்வெடு என்கிறார்கள். ஒருநாள் போகலன்னா அன்னிக்குக் கூலி இல்ல. மாசாமாசம் வந்து காட்டு என்கிறார்கள். புறநோயாளிச் சீட்டு தரும் காலை நேரமும் பெருக்கும் நேரமும் ஒன்றுதான்.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் வந்தது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. நல்லது, வரட்டும். ஆனால் மாத்திரையை முழுங்கவிடாத வேலையும் கூலியும் அப்படியே இருந்தால் நோயாளி திரும்பி வரத்தான் செய்வார்.

பணியிடத்தில் கழிப்பறை, கூலியோடு மருத்துவ விடுப்பு, மாலைநேரப் புறநோயாளிப் பிரிவு: இவையும் மருந்துதான். சங்கத் தோழர்கள் இவற்றைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். 'மருந்து சாப்பிடவில்லை' என்று கேஸ் ஷீட்டில் எழுதுமுன் ஏன் என்று கேளுங்கள். சொல்லும் பதிலையும் சேர்த்து எழுதுங்கள்.